வலையோரத்தில் முப்பது ஆண்டுகள்

டென்னிஸ் ஆட்டத்தில் இரட்டையர் பிரிவு என்பது ஒற்றையரில் முன்னேற இயலாதவர்கள் ஒதுங்கும் இடம் என்றோர் அபிப்பிராயம், ரசிகர்களிடையே மட்டுமன்றி, ஆட்டத்தின் நுட்பங்களை நன்கறிந்த விமர்சகர்களிடையேயும் நெடுங்காலமாக நிலவி வருகிறது. லியாண்டர் பயஸின் ஆட்ட வாழ்க்கையை மேலெழுந்தவாரியாக நோக்குபவர்களுக்கு அது சரியென்றே தோன்றக்கூடும்; ஏனெனில், ஒற்றையர் தரவரிசையில் அவர் எட்டிய உச்ச ஸ்தானம் 73 தான்; உலகச் சுற்றில் அவர் வென்ற ஒற்றையர் பட்டமும் 1998-ஆம் ஆண்டில் நியூபோர்ட் நகரத்துப் புல்தரையில் கிடைத்த ஒன்றே ஒன்றுதான். ஆனால் இரட்டையரிலோ அவர் உலகின் முதல் ஸ்தானத்தை வகித்தவர். ஆடவர் இரட்டையரில் எட்டு, கலப்பு இரட்டையரில் பத்து என்று 18 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களுக்கு உரியவர். இவ்விரு கணக்குகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை அந்த மனிதருடைய குறைக்குச் சான்றாகக் கொள்வதா, அல்லது இரட்டையர் ஆட்டம் தனக்கெனத் தனி இலக்கணமும் தனி வித்தையும் உடையது என்பதற்குப் பிரமாணமாகக் கொள்வதா என்று கேட்டால், பின்னதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆடுகளத்தின் அளவுகளிலிருந்தே இதைத் தொடங்கிப் பார்க்கலாம். நீளம் இரண்டு ஆட்டங்களுக்கும் ஒன்றே, 78 அடி. அகலம் ஒற்றையருக்கு 27 அடி. இரட்டையருக்கு இருபுறமும் நாலரை அடி கூடி 36 அடி. அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது ஆட்களோ இரண்டு மடங்காகிவிடுகிறார்கள். ஆகையால் காலியிடம் சுருங்குகிறது. ஒற்றையரில் எதிராளியை இடமும் வலமுமாக ஓடவிட்டு, பொறுமையாக வழி திறந்து, பிறகு பந்தை அவ்வழியே அடித்து முடிப்பவரின் சாமர்த்தியம் இங்கே பாதிக்குமேல் பயனற்றுப் போகிறது. சர்வ் செய்பவருடைய துணைவர் முன்பே வலையருகே நிற்கிறார். அவர் எட்டிப் பிடிக்க முடியாதபடி, தாழ்வாகவும் குறுக்காகவும் பந்தைத் திருப்பி அனுப்புவது ஒரு கலை. அந்தத் திருப்பம் எந்தத் திசையில் வரும் என்பதைப் பந்து மட்டையை விட்டுக் கிளம்புமுன் ஊகித்துக் குறுக்கே பாய்ந்து வெட்டிவிடுவது இன்னொரு கலை. நாலைந்து அடிகளுக்குள் புள்ளி முடிந்துவிடுகிற இவ்வாட்டத்தில், இருபதாவது அடியில் வெல்லும் ஆற்றலுக்கு அதிகச் சந்தர்ப்பமில்லை.

பயஸின் உடலமைப்பும் பழக்கமும் இந்த நாலைந்து அடிகளுக்கென்றே அமைந்தவை எனலாம். அவருடைய உயரம் 178 செண்டிமீட்டர். பெரிய ஆட்டக்காரர்களின் வரிசையில் அது சாதாரணமானது. ஆகையால் அவருடைய சர்வ் எதிராளியைத் திகைக்கவைக்கும் வேகம் கொண்டதாக என்றைக்கும் இருந்ததில்லை. அடிக்கோட்டிலிருந்து அடிக்கும் அடிகளில் வலிமையும் சுழற்சியும் போதாதவை. பேக்ஹேண்ட் பெரும்பாலும் பந்தைச் சீவி அனுப்புவதாகவே இருந்தது. அடிக்கோட்டிலேயே நின்று மணிக்கணக்கில் அடித்து ஆடுகிறவர்களை வாரந்தோறும் சந்திக்கவேண்டிய ஒற்றையர் சுற்றில் இக்குறைகள் மறைக்க முடியாதவை. ஆனால் அதே மனிதரை வலையிலிருந்து பத்தடி தூரத்தில் நிறுத்திப் பாருங்கள். மட்டையைப் பின்னால் இழுக்கும் வழக்கமே அங்கு அவருக்கில்லை. முகத்துக்கு முன்னே பிடித்தபடியே பந்தைச் சந்திப்பார். கால்விரல்களின் அருகே வரும் பந்தையும் முழங்கால் மடித்து எடுத்து, எதிராளிகள் இருவருக்கும் நடுவே அவர்களில் எவருக்கும் உரியதல்லாத ஓரிடத்தில் மெல்ல வைப்பார். மிக நெருக்கத்திலிருந்து வேகமாக அடிக்கப்பட்ட பந்துகளை நான்கு பேரும் மாறி மாறித் தடுக்கும் நேரங்களில், கடைசியில் பந்து எதிர்த் தரப்பின் தரையில் கிடப்பதைத்தான் ரசிகர்கள் பெரும்பாலும் கண்டார்கள். நுங்கம்பாக்கம் அரங்கில் அமர்ந்து பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விவரித்துச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

அந்தக் கைகள் பயின்ற ஊரும் சென்னைதான். 1973-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தவர் அவர். தந்தை வேஸ் பயஸ் 1972-ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் இடம்பெற்றவர். தாயார் ஜெனிபர் கூடைப்பந்தில் இந்திய அணிக்குத் தலைமை வகித்தவர். 1985-ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதுப் பையனாக, அமிர்தராஜ் குடும்பத்தார் பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவோடு அப்போதைய மதராஸில் நடத்திவந்த பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே டேவ் ஓ'மேரா அவருக்குப் பயிற்சி அளித்தார். 1954-இல் ராமநாதன் கிருஷ்ணனும், 1979-இல் அவருடைய புதல்வர் ரமேஷ் கிருஷ்ணனும் வென்ற விம்பிள்டன் இளையோர் பட்டத்தை, 1990-இல் இவரும் வென்றார். கிருஷ்ணன்கள் இருவரும் பலத்தை நம்பாமல் ஸ்பரிசத்தை நம்பி ஆடியவர்கள். பயஸ் அவர்களைப் போல் நிதானமானவரல்லர்; வேகமும் ஆவேசமும் உடையவர். எனினும், பந்தை அடிப்பதைவிட அதை எங்கே வைப்பது என்பதில் சிரத்தை கொள்ளும் மரபு இந்நகரத்து ஆடுகளங்களில் நெடுநாளாக வேரூன்றியிருந்ததென்பதையும், அதன் சாரம் அவருடைய வாலிகளில் புலப்பட்டதென்பதையும் மறுக்க இயலாது.

ஒற்றையரில் அவர் தோற்றுப்போனவர் என்று சொல்லி முடித்துவிடுவோர் டேவிஸ் கோப்பையின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கவேண்டும். 1990-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், சண்டிகரில் ஜப்பானுக்கு எதிராக ஜீஷான் அலியுடன் சேர்ந்து முதன்முறையாக இரட்டையரில் இறங்கியவர், ஐந்தாவது செட்டை 18-16 என்ற கணக்கில் வென்று திரும்பினார். 1993-இல் பிரான்சு தேசத்துக்கே சென்று, பிரேஜூஸ் நகரத்துச் செம்மண் தரையில் அந்நாட்டாரை வீழ்த்தி இந்தியா அரையிறுதிக்கு முன்னேறியபோது, ரமேஷ் கிருஷ்ணனோடு அந்த அணியின் பாரத்தைச் சுமந்தவர் அவர். 1995-இல் புது தில்லிப் புல்தரையில் குரோஷியாவின் கோரன் இவானிசெவிச்சை அவர் சந்தித்த ஆட்டம் இன்னும் பலருடைய நினைவில் பசுமையாக இருக்கும். இடது கையால் அந்தக் குரோஷியர் செய்த சர்வ், புல்தரையில் உலகத்தில் எவருக்குமே எமனாக விளங்கிய காலம் அது. முதல் இரண்டு செட்களையும் இழந்துவிட்ட பயஸ், மூன்றாவதை டைபிரேக்கில் பிழைத்து எடுத்து, நான்காவதை 6-4 என்றும், கடைசியை 6-1 என்றும் கைப்பற்றினார். மறு ஆண்டில் அட்லாண்டா ஒலிம்பிக்கில், தரவரிசையில் 126-ஆம் இடத்திலிருந்து சிறப்பு அனுமதியின் பேரில் நுழைந்தவர், அரையிறுதியில் ஆண்ட்ரே அகாசியிடம் தோற்றாலும், மணிக்கட்டுக் காயத்தோடு ஆடி, பிரேசிலின் பெர்னாண்டோ மெலிஜெனியை 3-6, 6-2, 6-4 என்று வென்று வெண்கலம் பெற்றார். 1952-ஆம் ஆண்டில் மல்யுத்த வீரர் கே. டி. ஜாதவ் ஹெல்சிங்கியில் பெற்ற பதக்கத்துக்குப் பின், 44 ஆண்டுகள் கழித்து இந்தியர் ஒருவர் தனித்துப் பெற்ற ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

இத்தகைய மனிதர், அதே 1990-களில், சாதாரணப் போட்டிகளின் தொடக்கச் சுற்றுகளில் அடிக்கடி தோற்றுக்கொண்டிருந்தார் என்பது வியப்பாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் தேசபக்தி ஒன்றே என்று சொல்வது பாதி உண்மையாகத்தான் இருக்கமுடியும். அவருடைய ஆட்டத்தின் அஸ்திவாரம் உணர்ச்சியின் உச்சமும், கூட்டத்தின் ஆரவாரமும், ஒவ்வொரு புள்ளியையும் தனியொரு யுத்தமாகக் கருதும் மனநிலையும். இவற்றை ஆண்டுக்கு முப்பது வாரம், வெறிச்சோடிய பக்க அரங்குகளில், தன்னந்தனியாக எழுப்பிக்கொள்வது எவராலும் ஆகாத காரியம். அருகே ஒரு துணைவர் நின்றபோது அந்த நெருப்பை மூட்டுவதற்கு ஒரு காரணம் அவருக்குத் தினந்தோறும் கிடைத்தது. அவர் ஒற்றையரைக் கைவிட்டுவிட்டு இரட்டையருக்கு வந்தார் என்பதைவிட, டேவிஸ் கோப்பையின் சூழ்நிலையை வாரந்தோறும் தனக்கு உண்டாக்கித் தரக்கூடிய ஒரு பிரிவைத் தேடி அடைந்தார் என்பதே பொருந்தும்.

முதலில் கிடைத்த துணைவர் மகேஷ் பூபதி, சென்னையிலே பிறந்தவர். இவ்விருவரும் சேர்ந்து வென்ற முதல் உலகச் சுற்றுப் பட்டமும் 1997-இல் சென்னையில் கிடைத்ததே. பூபதியிடம் பலமான சர்வும், எதிராளியின் சர்வைப் பேக்ஹேண்ட் பக்கத்திலிருந்து நேராக அறைந்து திருப்பும் திறமையும் இருந்தன. பயஸிடம் இல்லாதவை அவை. பூபதி பின்னாலிருந்து எதிராளிகளைத் தடுமாற வைப்பதும், தடுமாறி எழும்பிய பந்தைப் பயஸ் முன்னாலிருந்து முடித்துவைப்பதுமாக ஒரு முறை உருவாயிற்று. 1998-இல் மூன்று கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் அரையிறுதி வரை வந்தார்கள். 1999-இல் நான்கிலுமே இறுதிக்கு வந்து, பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். கிராண்ட் ஸ்லாம் ஆடவர் இரட்டையரை வென்ற முதல் இந்திய ஜோடி அவர்களே. அந்த விம்பிள்டனிலேயே லிசா ரேமண்டுடன் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் பயஸ் பெற்றார். 2001-இல் மீண்டும் பிரெஞ்சு ஓப்பன் அவர்கள் வசமாயிற்று. டேவிஸ் கோப்பை இரட்டையரில் தொடர்ச்சியாக 24 வெற்றிகள் என்ற அவர்களுடைய சாதனை அந்தப் போட்டியின் வரலாற்றில் தனித்து நிற்கிறது.

அந்த உறவு நிலைத்திருந்தால் இந்திய டென்னிஸின் சரித்திரம் வேறாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரிவதும், தேசத்தின் பொருட்டுச் சில வாரங்கள் சேர்வதும், மறுபடி பிரிவதுமாகக் காலம் கழிந்தது. 2004-இல் ஏதென்ஸில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் குரோஷியாவின் ஆன்சிச், லுபிசிச் ஜோடியிடம் மூன்றாவது செட்டை 14-16 என்று இழந்தார்கள். 2008-இல் பெய்ஜிங்கில், பின்னர் தங்கம் வென்ற பெடரர், வாவ்ரிங்கா ஜோடியிடம் காலிறுதியில் வீழ்ந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னர், பூபதியும் ரோகன் போபண்ணாவும் பயஸுடன் ஆட விருப்பமில்லை என்று வெளிப்படையாக அறிவிக்க, பயஸ் அனுபவம் குறைந்த விஷ்ணு வர்தனுடன் இறங்கவேண்டியதாயிற்று. இரு ஜோடிகளும் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. யார்மீது எவ்வளவு பிழை என்று பங்கு பிரித்துச் சொல்ல நான் முற்படவில்லை. உலகின் மிகச்சிறந்த இரட்டையர் ஆட்டக்காரர்கள் இருவர் ஒரே காலத்தில் ஒரே தேசத்தில் தோன்றியும், இரட்டையரில் ஓர் ஒலிம்பிக் பதக்கம் கூட அத்தேசத்துக்குக் கிட்டவில்லை என்பது பெருத்த நஷ்டம்; அவர்களுடைய பட்டங்களின் எண்ணிக்கையால் அந்த நஷ்டம் ஈடாகிவிடாது.

ஆயினும், பூபதியைப் பிரிந்த பிற்பாடுதான் பயஸின் பிரத்தியேகமான மேதை முழுமையாக வெளிப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட துணைவர்களோடு அவர் ஆடியிருக்கிறார். கச்சேரிக்குக் கச்சேரி வெவ்வேறு பாடகர்களுக்கு வாசித்து, அவரவர் குரலுக்கும் காலப்பிரமாணத்துக்கும் தக்கபடி தம் வாசிப்பை அமைத்துக்கொண்டு, அதே சமயம் தம் முத்திரையையும் விட்டுக்கொடுக்காத மிருதங்க வித்வானின் திறமைக்கே இதை ஒப்பிடத் தோன்றுகிறது. உயரமும் பலமான சர்வும் உடைய செக் நாட்டவர் மார்ட்டின் டாம்முடன் 2006-இல் அமெரிக்க ஓப்பன்; அதே நாட்டு இளைஞர் லூகாஸ் டுலூகியுடன் 2009-இல் பிரெஞ்சு ஓப்பனும் அமெரிக்க ஓப்பனும்; இதில் பிந்தைய இறுதியில் வலைக்கு அப்பால் நின்றவர்கள் பூபதியும் மார்க் நோல்ஸும். பிறகு, தம்மைப் போலவே வலையை நோக்கி ஓடிவரும் பழைய பாணியினரான ராடெக் ஸ்டெபானெக்குடன் 2012-இல் ஆஸ்திரேலிய ஓப்பன். அதுவரை அவரிடம் இல்லாதிருந்த அந்த ஒரு பட்டத்தை, உலகின் தலைசிறந்த ஜோடியாகிய பிரையன் சகோதரர்களை நேர் செட்களில் வென்று பெற்றார். மறு ஆண்டு அமெரிக்க ஓப்பனில், நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வெல்லும் தறுவாயில் இருந்த அச்சகோதரர்களை அரையிறுதியில் நிறுத்தியவர்களும், பின்னர் பட்டத்தை வென்றவர்களும் இவர்களே. அப்போது பயஸுக்கு வயது நாற்பது.

இவ்வெற்றிகள் நேர்ந்த காலத்தில் ஆட்டமே மாறிப்போயிருந்தது என்பதை நினைவிற்கொண்டால்தான் அவற்றின் மதிப்பு விளங்கும். பாலியெஸ்டர் நரம்புகள் புழக்கத்துக்கு வந்தபின், முன்னைவிட வேகமாக அடித்தாலும் சுழற்சியின் மிகுதியால் பந்து வலையைத் தாண்டியவுடன் கீழே இறங்கி, முன்னால் நிற்பவருடைய காலடியைத் தாக்கத் தொடங்கிற்று. சர்வ் செய்துவிட்டு ஓடிவருபவர்களுடைய யுகம் அத்துடன் மங்கியது. 2006 முதல் உலகச் சுற்றின் இரட்டையர் ஆட்டங்களில் டியூஸுக்குப்பின் ஒரே புள்ளியில் கேம் முடிவதும், மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக் ஆடுவதும் வழக்கமாயின. நீண்ட போராட்டத்தில் மெல்ல மெல்ல எதிராளியின் மனத்தைத் தளர்த்துபவருக்கு இவ்விதி பாதகமானது. பயஸ் தம்முடைய அடிகளை மாற்றிக்கொள்ளவில்லை. தாம் நிற்கும் இடங்களை மாற்றிக்கொண்டார். துணைவரின் சர்வின்போது வலைக்கு இன்னும் நெருங்கி நின்று, பந்து தாழுமுன் அதைச் சந்தித்தார். எதிராளி சர்வைத் திருப்பப்போகும் கணத்தில் ஒரு பக்கம் சாய்ந்து பாசாங்கு செய்து மறுபக்கம் பாய்ந்தார். சர்வைத் திருப்பும்போது பந்தைச் சீவிவிட்டுத் தாமே முன்னேறியோ, முன்னால் நிற்பவருடைய தலைக்கு மேல் உயர்த்தி அனுப்பியோ, பலமாக அடிப்பவர்களுக்குப் பலமாக அடிக்க ஏதுவான பந்தே கிடைக்காமல் செய்தார்.

கலப்பு இரட்டையர் வெற்றிகளைக் குறைவாக மதிப்பிடுவது நம்மவரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தப் பிரிவில் பெரும்பாலான ஆடவர்கள் ஆடுகளத்தின் முக்கால் பங்கையும் தாமே ஆக்கிரமித்துக்கொள்ள முயல்வார்கள். எதிர்த் தரப்பினர் வெறுமையாய் விடப்பட்ட இடத்தைக் கண்டு அங்கே அடிப்பார்கள். பயஸ் தம் துணையாகத் தேர்ந்தவர்கள் வெறும் துணைகளாக இருக்கச் சம்மதிக்கிறவர்கள் அல்லர். 2003-இல் ஆஸ்திரேலியாவிலும் விம்பிள்டனிலும் அவருடன் வென்ற மார்ட்டினா நவ்ரதிலோவாவுக்கு அப்போது வயது 46. அந்த ஆஸ்திரேலியப் பட்டத்தின் மூலம் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய மூன்றிலும் நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களும் அந்த அம்மையாரிடம் சேர்ந்தன. ஜிம்பாப்வேயின் காரா பிளாக்குடன் மூன்று பட்டங்கள். மார்ட்டினா ஹிங்கிஸுடன் 2015-இல் ஒரே ஆண்டில் மூன்றும், 2016-இல் பிரெஞ்சு ஓப்பனும். ஹிங்கிஸ் பலத்தால் ஆடியவரல்லர். அடுத்த மூன்று அடிகளை முன்கூட்டியே கண்டு ஆடியவர். அவ்விருவரும் ஒரே பக்கத்தில் நின்று, பேச்சே இல்லாமல் ஒருவருக்கொருவர் இடம் மாறி மூடிக்கொண்ட லாகவத்தை, சமீப காலத்து டென்னிஸில் நான் கண்ட மிக அழகிய காட்சிகளுள் ஒன்றாகச் சொல்வேன்.

இந்த நீண்ட யாத்திரையின் நடுவே மரண பயமும் வந்துபோயிற்று. நவ்ரதிலோவாவுடன் விம்பிள்டனை வென்ற சில வாரங்களில், மூளையில் கட்டி இருக்கலாம் என்ற ஐயத்தோடு அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்து மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார்; ஒட்டுண்ணியால் மூளையில் நேர்ந்த தொற்று என்பது பின்னர்த் தெரியவந்து, சிகிச்சையால் குணமடைந்தார். 18 கிராண்ட் ஸ்லாம் பட்டங்களில் பன்னிரண்டு அந்நோய்க்குப் பின்னர் கிடைத்தவை.

2018-இல் சீனாவின் தியான்ஜின் நகரில் இந்தியா 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, போபண்ணாவுடன் அவர் இறங்கி, மூன்றாவது செட் டைபிரேக்கில் வென்றார். டேவிஸ் கோப்பை இரட்டையரில் அது அவருடைய 43-ஆவது வெற்றி. இத்தாலியின் நிக்கோலா பியட்ராஞ்செலி வைத்திருந்த 42 என்ற சாதனை அதனால் முறிந்தது. இந்தியாவும் அம்மோதலை 3-2 என்று வென்றது. மறு ஆண்டு கஜகஸ்தானில் பாகிஸ்தானுக்கு எதிராகச் சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன் அவருக்குத் துணையாக ஆடினார். பயஸ் சண்டிகரில் முதன்முதலாக இறங்கியபோது இரண்டு வயது கூட நிரம்பாதவர் அவர். 2020 மார்ச் மாதம் ஜாக்ரெப் நகரில் போபண்ணாவுடன் சேர்ந்து குரோஷியாவின் பாவிச், ஸ்குகோர் ஜோடியை வென்றபோது எண்ணிக்கை 45 ஆயிற்று. முந்திய நாள் ஒற்றையர் ஆட்டங்கள் இரண்டையும் இந்தியா இழந்திருந்தது. மறு ஒற்றையரையும் இழந்து 1-3 என்று தோற்றது. இந்தியாவுக்குக் கிடைத்த அந்த ஒரே புள்ளியை, 46 வயதில், ஐந்தாவது செட் 18-16 வரை நீண்ட அந்த முதல் ஆட்டத்திலிருந்து ஒரு தலைமுறை கடந்த பின்பும், வலையருகே நின்றே அவர் பெற்றுத் தந்தார்.